பாதுகாப்பான, கண்ணியமான செவிலியர் பராமரிப்பு: நோயாளிகளும் உடனிருப்போரும் அறிய வேண்டியவை

செவிலியர் மருந்துடன் படுக்கையருகே வரும்போது முதலில் கேட்பது "உங்கள் பெயர் என்ன?" என்பதாகும். காலையில் கேட்ட அதே கேள்வியை நண்பகலிலும் இரவிலும் கேட்பதால் நோயாளிகள் சிலர் சலிப்படைகின்றனர். "இத்தனை நாளாகியும் என் பெயர் தெரியவில்லையா?" என்று வருந்துவோரும் உண்டு. இக்கேள்வி மறதியால் எழுவதன்று. ஒருவருக்குரிய மருந்து மற்றொருவர் உடலில் சென்றுவிடாமல் தடுக்கும் கடைசிக் காவல் இதுவே.

கேட்கும் முறையும் முக்கியமானது. "நீங்கள் குமார்தானே?" என்று கேட்டால், அரைமயக்கத்தில் இருப்பவரும் காது மந்தமானவரும் மொழி புரியாதவரும் தலையசைத்துவிடுவர். ஆகவே பெயரை நோயாளியே சொல்லுமாறு கேட்க வேண்டும். அத்துடன் பதிவு எண், வயது போன்ற இரண்டாவது அடையாளம் ஒன்றையும் மணிக்கட்டுப் பட்டையுடனோ நோயாளியின் குறிப்பேட்டுடனோ ஒப்பிட வேண்டும். படுக்கை எண் அடையாளம் ஆகாது, படுக்கைகள் மாறும்.

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் ஆகிய ஐந்தையும் மருந்து கொடுக்கும் முன் சரிபார்ப்பது செவிலியர் பயிற்சியின் அடிப்படை. இவற்றுள் பின்னைய நான்கையும் மருந்துச் சீட்டிலிருந்தும் குப்பியின் மேலுள்ள எழுத்திலிருந்தும் அறியலாம். முதலாவதை நோயாளியின் வாய்ச்சொல்தான் உறுதிசெய்கிறது. ஒவ்வாமை உண்டா, கருவுற்றிருக்கிறீர்களா, கடைசியாக எப்போது உணவு உண்டீர்கள், வலி எங்கே, எவ்வளவு என்பன போன்றவையும் அவ்வாறே. நோயாளி பேசவும் அவர் சொல் செவிலியருக்குப் புரியவும் வழியில்லாத இடத்தில் நல்ல கருவிகளும் திறமையும் இருந்தும் தவறு நேரலாம்.

மொழி தடையாகும்போது

திருவள்ளூர் மாவட்டத்தில் சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையையும் சென்னை–கூடூர் இரயில் பாதையையும் ஒட்டியுள்ள ஊர் கவரைப்பேட்டை. 2024 அக்டோபர் 11 அன்று இரவு, மைசூரிலிருந்து பீகாரின் தர்பங்காவுக்குச் சென்ற பாக்மதி விரைவு இரயில், கவரைப்பேட்டை நிலையத்தில் நின்றிருந்த சரக்கு இரயிலின் மீது மோதித் தடம் புரண்டது. உயிரிழப்பு நேரவில்லை, பயணிகள் பலர் காயமுற்று மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். கர்நாடகத்திலிருந்து பீகாருக்குச் செல்லும் வண்டி அது. அத்தகைய இரவில் பெயர் கேட்பதும் வலி கேட்பதும் கூட மொழியைக் கடந்து நடைபெற வேண்டிய செயல்களாகிவிடுகின்றன.

இந்நிலை விபத்து நேரும் நாளுக்கு மட்டும் உரியதன்று. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலும் சுற்றியுள்ள எஃகு உருக்காலைகளிலும் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம் மாநிலத் தொழிலாளர்கள் பெருமளவில் பணிபுரிகின்றனர். ஆந்திர எல்லை அருகிலிருப்பதால் தெலுங்கு பேசும் குடும்பங்களும் பல. இப்பகுதியின் இருளர் பழங்குடியினர் தமிழ் அறிந்தவர்களே. எனினும் வெள்ளுடை அணிந்தோர் முன் குரல் எழுப்பத் தயங்குவோர் அவர்களில் பலர். மொழி தெரிந்தும் பேச முடியாத நிலையையும் மொழித் தடையாகவே கொள்ள வேண்டும்.

வலி என்பதற்கு இந்தியில் 'தர்த்', தெலுங்கில் 'நொப்பி', வங்காளத்தில் 'பேதா' என்பர். இவ்வளவு தெரிந்தால் உரையாடல் தொடங்கலாம். ஆனால் அது போதாது. வெளிமாநிலத் தொழிலாளர் "ஹாங் ஜி" என்று தலையசைப்பது பெரும்பாலும் மரியாதையே தவிர, புரிந்ததற்கான சான்றன்று. எனவே "புரிந்ததா?" என்று கேட்பதைவிட, "நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள்" அல்லது "இம்மாத்திரையை எப்படி உட்கொள்வீர்கள், காட்டுங்கள்" என்று கேட்பதே உரிய முறை. தமிழ் நோயாளிகளுக்கும் இது பொருந்தும். செவிலியர் கேட்காவிட்டாலும் நீங்களே திருப்பிச் சொல்லிக் காட்டலாம்.

இதன் அருமை மாவுக்கட்டு இடப்பட்ட நோயாளியிடம் தெளிவாகத் தெரியும். இயந்திரத்தில் சிக்கி முன்கை நசுங்கிய தொழிலாளிக்குக் கட்டு இட்டபின், உள்ளே வீக்கம் பெருகினால் தசைகளுக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைபடும். அப்போது மருந்துக்குக் கட்டுப்படாமல் வலி மேன்மேலும் கூடும். விரலை மற்றவர் மெல்ல நிமிர்த்தினாலே நோயாளி துடிப்பார். மரத்துப்போதல், விரல் வெளிறுதல் அல்லது நீலம் பாய்தல் பின்னர் வரலாம். சில மணி நேரத்திற்குள் கட்டைத் தளர்த்தாமலோ, தேவைப்படின் அறுவை செய்யாமலோ விட்டால், கை நிரந்தரமாகச் செயலிழக்கக் கூடும். இரவு முழுவதும் "தர்த், தர்த்" என்று முனகுபவரை 'வலி பொறுக்காதவர்' என எண்ணி விட்டுவிடுவது எத்துணை ஆபத்தானது என்பதை இதிலிருந்து உணரலாம். வலியை விரல்களால் 0 முதல் 10 வரை காட்டச் சொல்லலாம். முந்தைய மணி நேரத்தைவிடக் கூடியுள்ளது என்றால், உடனே செவிலியரை அழையுங்கள். வீட்டுக்கு வந்தபின் இவ்வறிகுறிகள் தோன்றினால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

மொழிபெயர்ப்புக்கு உடன்பணியாளர் உதவுவது வழக்கம். முகவரி, உணவு, மருந்து நேரம் போன்றவற்றுக்கு அது போதும். காசநோய், எச்.ஐ.வி., கருக்கலைப்பு, மதுப்பழக்கம், குடும்ப வன்முறை போன்றவற்றை உடன்பணியாளர் வழியாகவோ பிள்ளைகள் வழியாகவோ கேட்கக் கூடாது. நோயாளி உண்மையைச் சொல்லமாட்டார். சொன்னால் அது தொழிலாளர் விடுதி முழுவதும் பரவும். மொழி அறிந்த மருத்துவமனைப் பணியாளரை நேரிலோ தொலைபேசியிலோ அமர்த்துமாறு கேட்கலாம். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நோயாளியின் இசைவு தேவை என்பதும் முடிவை இரகசியமாகக் காக்க வேண்டும் என்பதும் 2017ஆம் ஆண்டின் சட்டப்படியான கடமைகள்.

யார் பேச வேண்டும், யார் கையொப்பமிட வேண்டும்

ஆலையில் காயமுற்றவரை மருத்துவமனைக்கு அழைத்து வருபவர் பெரும்பாலும் மேற்பார்வையாளரோ, ஒப்பந்தக்காரரோ, மேஸ்திரியோ ஆவார். நல்லெண்ணத்துடன் வருவோர் பலர். ஆயினும் விபத்து எங்கு, எப்படி நேர்ந்தது என்பதை அவர் சொல்லக் கேட்டு எழுதிவிட்டு, நோயாளியை ஒரு சொல்லும் கேட்காமல் விடுவது முறையன்று. 'அறையில் வழுக்கி விழுந்தார்' என்று பதிவானால், தொழிலாளர் ஈட்டுறுதி (இ.எஸ்.ஐ.) பயனும் இழப்பீடும் கேள்விக்குள்ளாகலாம். சிகிச்சையும் தடம் மாறலாம். வழுக்கி விழுந்த காயமும் உருளைகளுக்கிடையே நசுங்கிய காயமும் ஒன்றல்ல. நோயாளி நினைவுடன் இருந்தால், செவிலியரும் மருத்துவரும் அவரைத் தனியே வைத்து விவரம் கேட்க வேண்டும். விபத்துப் பதிவேட்டில் எழுதப்பட்டதை அவர் அறியும் மொழியில் படித்துக் காட்டுமாறு கோரலாம். மாத ஊதியம் ரூ.21,000 வரை பெறும் தொழிலாளர்கள், எம்மாநிலத்தவராயினும், ஈட்டுறுதித் திட்டத்தின்கீழ் வருவர்.

இசைவுப் படிவத்தில் கையொப்பமிட வேண்டியவர் வயதுவந்த, தெளிவான நினைவுடைய நோயாளியே. கணவரோ, தந்தையோ, வேலை கொடுத்தவரோ அவருக்கு மாற்றாக முடியாது. சமீரா கோஹ்லி வழக்கில் 2008ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவுபடுத்தியது. ஆய்வுக்காக மட்டும் இசைவளித்து மயக்கத்தில் இருந்த பெண்ணுக்கு, அவர் தாயிடம் இசைவு பெற்றுக் கருப்பை அகற்றப்பட்டது. அவ்விசைவு செல்லாது என நீதிமன்றம் கூறியது. உயிருக்கு உடனடி ஆபத்து உள்ளபோது மட்டும் இசைவுக்காகக் காத்திராமல் சிகிச்சை அளிக்கலாம். விபத்தில் சிக்கியவருக்குக் காவல் துறை நடைமுறைகளைக் காரணங்காட்டி முதல் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்பது 1989 முதல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் உறுதியானது. சாலை விபத்துகளுக்கு, தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பிற மாநிலத்தவருக்கும் கட்டணமின்றி வழங்கப்படுகிறது.

உடல், உணவு, வழக்கம்

படுக்கையில் கிடப்பவரின் உடலைத் தொடும் முன் என்ன செய்யப் போகிறோம் என்று சொல்வதும், திரையை இழுத்து மூடுவதும், வேண்டிய பகுதியை மட்டும் திறப்பதும் பராமரிப்பின் பகுதிகளே. ஆண் மருத்துவர் பெண் நோயாளியைப் பரிசோதிக்கும்போது வேறொரு பெண் உடனிருக்க வேண்டும் என்பதைத் தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018இல் உருவாக்கிய நோயாளர் உரிமைச் சாசனம் கூறுகிறது. பிரசவ அறையில் பெண் துணை ஒருவரை அனுமதிக்கும் முறையைத் தமிழ்நாடு 2004இலேயே தொடங்கியது. அச்சத்தில் இருக்கும் பெண்ணுக்குத் தாயின் கையைப் பற்றியிருப்பது எத்துணை ஆறுதல் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அறுவை அரங்குக்குச் செல்லும் முன் உலோக நகைகள் அகற்றப்படும். தாலியைக் கழற்றச் சொல்லும்போது பல பெண்கள் கலங்குகின்றனர். காரணத்தைச் சொல்லி, குடும்பத்தார் கையில் ஒப்படைத்து, மஞ்சள் கயிறு மட்டும் அணிந்திருக்கலாமா என்று கேட்டு முடிவுசெய்தால் கலக்கம் குறையும். இரமலான் நோன்பிருக்கும் நீரிழிவு நோயாளி அதனை மறைத்து இன்சுலின் செலுத்திக்கொண்டால், இரத்தச் சர்க்கரை அபாயகரமாகக் குறையலாம். முன்பே சொன்னால் அளவையும் நேரத்தையும் மருத்துவர் மாற்றியமைப்பார். ஹெப்பாரின் மருந்து பொதுவாகப் பன்றிக் குடலிலிருந்து தயாரிக்கப்படுகிறது. அதில் மறுப்பு உள்ளவர்கள் மாற்று மருந்து உண்டா என்று கேட்பது அவர்கள் உரிமை.

வழக்கத்தை மதிப்பது, எல்லா வழக்கங்களுக்கும் இடமளிப்பதன்று. தீக்காயத்தில் பற்பசையோ மையோ மஞ்சளோ பூசுவதும், பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை நீரோ கழுதைப்பாலோ ஊட்டுவதும் தீங்கு விளைவிப்பவை. தீக்காயத்தின் மீது 20 நிமிடங்கள் குளிர்ந்த ஓடும் நீரை விட வேண்டும். குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். இதைச் சொல்லும் செவிலியர் பாட்டியை ஏளனம் செய்தால், அடுத்த முறை பாட்டி மறைவாக ஊட்டுவார். நாட்டு மருந்தோ மூலிகையோ உட்கொண்டிருந்தால் கூச்சமின்றிச் சொல்லுங்கள். அதற்காக உங்களைக் கடிந்துகொள்ளும் உரிமை எவருக்கும் இல்லை.

சாதி, மதம், மொழி காரணமாகப் பராமரிப்பில் வேறுபாடு காட்டுவது செவிலியர் தொழில் நெறிக்கு முரணானது. இது இருபுறமும் பொருந்தும்: சாதி பார்த்துச் செவிலியரை மறுக்க நோயாளிக்கு உரிமையில்லை. பெண் நோயாளி அந்தரங்கப் பராமரிப்புக்குப் பெண் செவிலியரைக் கோருவது வேறு, அது ஏற்கத்தக்கது. மருத்துவப் பணியாளரைத் தாக்குவது தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம்.

உடனிருப்போர் கவனத்திற்கு

சொட்டு மருந்தின் வேகத்தை நீங்களே கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் 'ஒரு வாய் காபி' கொடுப்பது இரக்கமாகத் தோன்றும். வயிற்றிலுள்ளது மூச்சுக்குழாய்க்குள் சென்றால் உயிருக்கே ஆபத்து. படுத்த நிலையில் உணவூட்டாமல் தலைப்பகுதியை உயர்த்தி ஊட்டுங்கள். அசைய முடியாதவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கொருமுறை புரட்டிப் படுக்க வைத்தால் படுக்கைப்புண் வராமல் தடுக்கலாம். சிறுநீர்ப் பையைப் படுக்கையின் மேல் வைக்காமல் கீழே தொங்கவிடுங்கள். இரத்தம் ஏற்றத் தொடங்கிய முதல் 15 நிமிடங்களில் நடுக்கம், முதுகுவலி, மூச்சுத்திணறல் தோன்றினால் உடனே குரல் கொடுங்கள். உங்களைத் தொடும் முன் கைகளைச் சுத்தம் செய்யுமாறு பணியாளரிடம் பணிவுடன் நினைவூட்டலாம். நல்ல செவிலியர் அதைத் தவறாகக் கொள்ளமாட்டார். கைப்பேசியில் படம் எடுக்கும்போது அடுத்த படுக்கை நோயாளி அதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறை இருப்பின்

முதலில் பகுதியின் பொறுப்புச் செவிலியரிடமும், பின்னர் செவிலியர் கண்காணிப்பாளரிடமும் நிலைய மருத்துவ அலுவலரிடமும் தெரிவிக்கலாம். குறை சொன்னதற்காகச் சிகிச்சையில் மாற்றம் செய்யக் கூடாது. எழுத்து மூலம் அளிப்பின் நாள், நேரம், படுக்கை எண், நிகழ்ந்தது ஆகியவற்றைக் குறிப்பிட்டு ஒரு படியை வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவ ஆலோசனைக்கும் அரசு மருத்துவமனைச் சேவை குறித்த குறைகளுக்கும் 104 என்ற எண்ணையும், அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணையும் கட்டணமின்றி அழைக்கலாம். வீடு திரும்பும்போது வெளியேற்றச் சுருக்கம், மருந்துச் சீட்டு, மறுவருகை நாள் ஆகியவற்றையும், பணியிட விபத்தாயின் விபத்துப் பதிவேட்டின் நகலையும் கேட்டுப் பெறவும்.