புற்றை வென்ற மனிதர்கள் – 14: அணையாத சுவிட்ச்

நல்ல செல், கெட்ட செல் என்று பாராமல் தாக்கும் கீமோதெரபி மருந்துகளைச் சென்ற வாரம் பார்த்தோம். நோயின் வேரை மட்டும் தேடிப் பிடிக்கும் மருந்து எப்படிப் பிறந்தது? அதற்கு நாம் 1960-ஆம் ஆண்டின் பிலடெல்பியாவுக்குப் போக வேண்டும்.

ரத்தப் புற்றுநோய் செல்களைக் குழாய்த் தண்ணீரில் அலசியபோது அவை உப்பிப்போய், உள்ளிருந்த குரோமோசோம்கள் பிரிந்து தெரிவதை முன்பே கவனித்திருந்தார் பீட்டர் நோவெல். அவரும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் சேர்ந்து, நாட்பட்ட மைலாய்டு லுக்கேமியா நோயாளிகளின் செல்களில் ஒரு குரோமோசோம் வழக்கத்தைவிடக் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். ‘பிலடெல்பியா குரோமோசோம்’ என்ற பெயர் அதற்கு நிலைத்தது. ஆனால், குறைந்த துண்டு எங்கே போனது?

விடை சொன்னவர் சிகாகோவின் ஜேனட் ரவுலி. புதிய சாய முறையில் எடுத்த குரோமோசோம் படங்களை வெட்டி, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி ஆராய்ந்தார். 22-வது குரோமோசோமின் துண்டு 9-வதில் ஒட்டியிருந்தது. 1973-இல் அதை வெளியிட்டார்.

அந்த இடமாற்றத்தால் இரண்டு மரபணுக்கள் இணைந்து, பிசிஆர்-ஏபிஎல் என்ற புரதம் உருவாகிறது என்பது 1980-களில் தெளிவானது. இது ஒரு கைனேஸ். ஏடிபி மூலக்கூறிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து மற்றப் புரதங்களில் பொருத்துவதுதான் கைனேஸ்களின் வேலை. ‘பெருகு’ என்ற கட்டளை செல்லுக்குள் பரவுவது இப்படித்தான். இயல்பான கைனேஸ் வேலை முடிந்ததும் ஓய்ந்துவிடும். இதுவோ அணைக்க முடியாத சுவிட்ச். வெள்ளணுக்கள் பெருகிக்கொண்டே போயின.

அதை அடைக்க முடியுமா? முடியாது என்றே பலர் நினைத்தார்கள். மனித உடலில் 500-க்கும் மேற்பட்ட கைனேஸ்கள் உண்டு. அத்தனைக்கும் ஏடிபிதான் ஆதாரம். ஒன்றை அடைத்தால் மற்றவையும் நின்றுபோகாதா? சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சீபா-கைகி நிறுவனத்தில் அலெக்ஸ் மேட்டர், நிக் லைடன் குழுவினர் துணிந்து இறங்கினார்கள். வேதியியலாளர் யூர்க் சிம்மர்மன் மூலக்கூறை மாற்றி மாற்றிச் செதுக்கினார். பின்னாளில் இமாடினிப் எனப் பெயர் பெற்ற அது, ஏபிஎல் கைனேஸையும் வேறு சிலவற்றையும் மட்டுமே தடுத்தது.

அமெரிக்காவின் போர்ட்லாண்டில் மருத்துவர் பிரையன் ட்ரக்கர் அதைச் சோதித்தார். லுக்கேமியா செல்கள் மடிந்தன. நல்ல செல்கள் பிழைத்தன. இருந்தும் பாதை எளிதாக இல்லை. நாய்களுக்கு ஊசிவழி கொடுத்தபோது பக்கவிளைவுகள் தலைகாட்டின. நோயாளிகளின் எண்ணிக்கை குறைவு என்பதால் நிறுவனத்துக்குள்ளும் தயக்கம் இருந்தது. ட்ரக்கர் விடாமல் வலியுறுத்தினார். 1998 ஜூனில் முதல் நோயாளி மருந்தை விழுங்கினார். இன்டர்ஃபெரான் மருந்து கைவிட்ட நோயாளிகளில், தினம் 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்த 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியது. 2001 மே 10 அன்று அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது.

சில ஆண்டுகளில் உயிரைப் பறித்த நோய், மாத்திரையால் கட்டுப்படும் நோயானது. குட்டைக் குரோமோசோமைக் கண்ட நாளிலிருந்து இதற்கு 41 ஆண்டுகள் ஆயின. மருந்து என்ற எண்ணமே இல்லாமல் தொடங்கிய அடிப்படை ஆய்வின் பலன் இது. உடனடிப் பயன் கேட்டு அத்தகைய ஆய்வை முடக்கும் சமூகம் நாளைய மருந்துகளை இழக்கிறது.

மாத்திரை வந்துவிட்டது, அதன் விலை? அதற்கான காப்புரிமை விண்ணப்பம் சென்னை அலுவலகத்துக்கு வந்தது. அங்கே மூண்ட போர் 2013-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில்தான் முடிந்தது. அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)