நெரிசலான நடுவில் பிறந்தவர்களும் வந்தவர்களும்



கிள்ளானில் என் நான்காம் படிவ மாணவி ஒருத்தி ஒருநாள் கேட்டாள்: "டீச்சர், நாம இங்க வந்தவங்களா, இல்ல இங்கயே பிறந்தவங்களா?" "ரெண்டும்தான்மா" என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போய்விட்டேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை. பிறகு படிக்கும்போதுதான் தெரிந்தது, வானியலாளர்களும் நம் பால்வெளியின் நடுப்பகுதியைப் பார்த்துப் பல ஆண்டுகளாக இதே கேள்வியைக் கேட்டு வருகிறார்கள் என்று. அந்த வரலாற்றைச் சுருக்கமாகத் தருகிறேன். வாசிப்புப் பகுதியாக வகுப்பில் பயன்படுத்தலாம்.

விண்மீனின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? நிறமும் ஒளியும்தான் பிறப்புப் பத்திரம். எடை மிகுந்த நீல விண்மீன்கள் சில மில்லியன் ஆண்டுகளிலேயே எரிந்து முடிந்துவிடும். சூரியனைப் போன்றவை 10 பில்லியன் ஆண்டுகள் வாழும். ஓர் இடத்தில் நீல விண்மீன்கள் இருந்தால் அங்கே அண்மையில் பிறப்பு நடந்திருக்கிறது. சிவப்பு மட்டுமே மிஞ்சியிருந்தால் அது பழைய குடியிருப்பு.

இதை முதலில் தெளிவாகக் காட்டியவர் வால்டர் பாடே. போர்க்காலத்தில் அமெரிக்காவில் இருந்த ஜெர்மன் குடிமகன் என்பதால் அவருக்குப் போர் ஆய்வு வேலை கொடுக்கப்படவில்லை. மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியில் வேலை செய்ய அவருக்கு நிறைய நேரம் கிடைத்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரமும் இருட்டடிப்பில் கிடந்தது. அந்த இருட்டில் ஆண்ட்ரோமேடா மண்டலத்தின் நடுப்பகுதியை முதன்முறையாகத் தனித்தனி விண்மீன்களாகப் பிரித்துப் படமெடுத்து, 1944-இல் வெளியிட்டார். ஓரச் சுருள்களில் நீலம், நடுவில் சிவப்பு. ஆகவே நடுப்பகுதி முதியோர் குடியிருப்பு என்று பலரும் எண்ணினார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் சுப்பிரமணியன் சந்திரசேகர் ஒரு கணக்கை வெளியிட்டிருந்தார். எடை மிகுந்த ஒரு பொருள் விண்மீன் கூட்டத்தினூடே போகும்போது சுற்றியுள்ளவற்றைத் தன் பக்கம் இழுக்கிறது. அவை அதன் பின்னால் கூடி அதையே பின்னுக்கு இழுக்க, அது வேகம் இழக்கிறது. இதற்கு 'இயக்க உராய்வு' என்று பெயர். அதே 1943-இல்தான் மலாயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சயாம் மரண இரயில்பாதையில் மடிந்துகொண்டிருந்தார்கள் என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

1975-இல் ஸ்காட் ட்ரெமெய்னும் இரு சகாக்களும் சந்திரசேகரின் கணக்கைக் கொண்டு ஒரு விளக்கம் சொன்னார்கள்: வெளியே பிறந்த விண்மீன் கொத்துகள் வேகம் இழந்து, மெல்ல நடுவை நோக்கி வந்து குடியேறியிருக்கலாம். அதாவது, நடுவில் இருப்பவர்கள் வந்தவர்கள்!

நம் பால்வெளியின் நடுவில் இதைச் சோதிப்பது லேசுப்பட்ட வேலையில்லை. அது ஏறக்குறைய 26,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. இடையே உள்ள தூசியால், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு டிரில்லியனில் ஒரு பங்குதான் நம்மை எட்டும். அகச்சிவப்பு ஒளியில் பார்த்தால்தான் வழி உண்டு. அப்புறம் நெரிசல். தீபாவளி வாரத்தில் கேஎல் சென்ட்ரல் பக்கமிருந்து பிரிக்பீல்ட்ஸைப் பார்த்தால் இரண்டு தலைகள் ஒன்றாகத் தெரியுமே, அதேதான். மங்கலான இரண்டு விண்மீன்கள் ஒட்டிக்கொண்டு ஒரே பிரகாசமான விண்மீனாகத் தெரிந்தால் வயதுக் கணக்கே தப்பிவிடும்.

1990-களில் அகச்சிவப்புக் கருவிகள் அங்கே ஆர்ச்சஸ், குவின்டப்லெட் என்ற கொத்துகளைக் காட்டின. அவற்றின் வயது சில மில்லியன் ஆண்டுகளே. முதியோர் குடியிருப்பில் குழந்தைகள்! 2019-இல் பிரான்சிஸ்கோ நோகேராஸ்-லாரா குழுவினர், சிலியிலுள்ள மிகப் பெரிய தொலைநோக்கி ஒன்றின் படங்களிலிருந்து, நடுப்பகுதி வட்டின் வரலாற்றை எழுதினார்கள். 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட விண்மீன்கள் 8 பில்லியன் ஆண்டுகளுக்கு முன்பே பிறந்தவை. பிறகு நீண்ட அமைதி. ஏறக்குறைய 1 பில்லியன் ஆண்டுகளுக்கு முன் திடீரென்று ஒரு பெரும் பிறப்பு அலை, 100 மில்லியன் ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில்.

பிரிக்பீல்ட்ஸையே பாருங்களேன். 1904-இல் எழுந்த விவேகானந்தா ஆசிரமமும் 2001-இல் திறந்த கேஎல் சென்ட்ரலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்றை மட்டும் பார்த்து ஊரின் வயதைச் சொல்ல முடியுமா? பாடேயின் படம் பொய்யில்லை, பாதி வரலாறு. மீதியை அறியத் தூசியைத் தாண்டி, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அந்த மாணவிக்கு இப்போது ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். வீட்டில் முதலில் வந்தவர் யார், எந்த ஆண்டு, இங்கே முதலில் பிறந்தவர் யார் என்று பாட்டியிடம் கேட்டு எழுதி வரச் சொன்னேன். "ரெண்டும்தான்" என்ற பதில் மாறாது. ஆனால் இனி அதில் பெயர்களும் ஆண்டுகளும் இருக்கும். உங்கள் வகுப்பிலும் கேட்டுப் பாருங்கள்.