பெரியம்மாவின் தழும்பும் ஒரு டொலர் மெஷினும்

எங்கட பெரியம்மாவுக்கு இடது தொடையில ஒரு தழும்பு இருக்கு. பெரிய அஞ்சு ரூபாய்க் குத்தி அளவு. தொண்ணூறுகளில் பித்தப்பையை எடுக்க அவவுக்கு ஒபரேஷன் செய்தவை. மயக்கம் தெளிஞ்சு பார்த்தால் தொடையில கொப்புளம். வயித்தை வெட்டினதுக்குத் தொடை ஏன் எரியுது எண்டு கேட்டிருக்கிறா. "சின்னக் காயம், மாறிப்போம் அம்மா" எண்ட பதில்தான் கிடைச்சது. மாறேல்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் கொஞ்ச நாள் அலைந்ததில்தான் இந்தக் கட்டுரை வந்தது.

இரத்தத்தைச் சுட்டு நிறுத்துவது மிகப் பழைய யோசனை. சுஸ்ருத சங்கிதையில் அக்கினிகர்மம் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினின் கொர்தோபாவில் இருந்த அல் ஸஹ்ராவி தன் பெருநூலில் சூட்டுக்கோலுக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கினார். ஆனால் அந்தக் கோல் ஓர் அடுப்புக் கம்பிதான். சிவக்கக் காய்ச்சி வைத்தால் பக்கத்தில் இருக்கிற நல்ல சதையும் சேர்ந்து வேகும்.

மின்சாரம் வேறு மாதிரி. எங்கள் வீட்டுக் கரண்ட் நொடிக்கு 50 சுற்று சுற்றுகிறது. உடம்பில் பட்டால் தசை இழுத்துப் பிடிக்கும், இதயமும் நிற்கலாம். 1891 இல் பாரிஸில் தார்சொன்வால் என்ற விஞ்ஞானி ஒன்றைக் காட்டினார். அந்த வேகத்தை நொடிக்குப் பத்தாயிரத்துக்கு மேல் கொண்டுபோனால் கரண்ட் உடம்புக்குள்ளால் போகும், ஆனால் தசை துடிக்காது. சூடு மட்டும்தான் வரும். இன்றைய மெஷின்கள் நொடிக்கு மூன்று இலட்சத்துக்கும் மேலே ஓடுகின்றன.

இதைத் தியேட்டருக்குள் கொண்டுவந்தவர் ஒரு வைத்தியர் கூட இல்லை. வில்லியம் போவி தாவர உடலியலில் கலாநிதிப் பட்டம் வாங்கியவர், ஹாவேர்டில் புற்றுநோய் ஆராய்ச்சியில் இருந்தார். அதே பொஸ்டனில் மூளைச் சத்திரசிகிச்சையின் பெரிய பெயர் ஹார்வி குஷிங். குஷிங்குக்கு இருந்த பெரிய தலையிடி இரத்தம். மூளைக்குள் நூல் போட்டுக் கட்டுவது லேசில்லை. அதற்காக 1911 இல் சின்ன வெள்ளிக் கிளிப்புகளைக் கூடச் செய்து பார்த்தவர். அப்படியும் இரத்தம் நிற்காமல், தொடங்கின ஒபரேஷனைப் பாதியில் மூடிய நாட்கள் உண்டு.

1926 ஒக்டோபர் 1. பீற்றர் பென்ற் பிரிகாம் ஆஸ்பத்திரி. சில நாட்களுக்கு முன் இரத்தம் தாங்காமல் கைவிட்ட ஒரு தலைக் கட்டியைக் குஷிங் மறுபடி திறந்தார். மெஷினுக்குப் பக்கத்தில் போவி. ஒரு துண்டு, இன்னொரு துண்டு என்று கட்டி வெளியே வந்தது. எரியும் சதை மணம். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் மயங்கி விழுந்தாராம். அதற்குப் பிறகு குஷிங், முன்பு முடியாது என்று திருப்பி அனுப்பிய நோயாளிகளை மறுபடி கூப்பிடத் தொடங்கினார். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான்.

போவிக்கு என்ன கிடைத்தது? ஹாவேர்டில் நிரந்தரப் பதவி இல்லை. மெஷினின் உரிமையை ஒரு கம்பனிக்கு ஒரு டொலருக்கு விற்றார். அமெரிக்கத் தியேட்டர்களில் இன்றைக்கும் அந்தக் கருவியை "போவி" என்றுதான் கேட்கிறார்கள். எங்கட பக்கம் டயதேர்மி.

சரி, பெரியம்மாவின் தொடை. தோட்டத்துக்குத் தண்ணி விடுகிற ஹோஸின் வாயை விரலால் அடைத்துப் பாருங்கள், அதே தண்ணி பாய்ந்து மண்ணைக் கிளறும். விரலை எடுத்தால் சும்மா வழியும். டயதேர்மியும் கிட்டத்தட்ட அப்படித்தான். கரண்ட் பேனாவின் கூர்முனையால் நுழையும்போது நெருங்கிப் போவதால் சதை வெட்டுப்படும். உடம்பைக் கடந்து தொடையில் வைத்த அகலமான தகட்டால் வெளியேறும்போது பரந்து போவதால் ஒண்டும் தெரியாது. அந்தத் தகடு சரிந்து, ஒரு மூலை மட்டும் தோலில் தொட்டுக்கொண்டிருந்தால்? வெளியேறும் இடமும் ஒரு கூர்முனை ஆகிவிடும். மயங்கிக் கிடக்கிற ஆள் "ஐயோ" எண்டு கத்தவும் மாட்டார்.

பழைய மெஷின்களில் இன்னொரு வில்லங்கமும் இருந்தது. அவை நிலத்தோடு இணைந்தவை. தகடு சரியில்லாவிட்டால் கரண்ட் நிலத்துக்குப் போக வேறு வழி தேடும்: ஈசிஜி ஒட்டிய இடம், கட்டிலின் இரும்பில் படுகிற கை. குஷிங்குக்கே இழுப்பான் வழியாகக் கையில் ஷொக் அடித்தது, பிறகு மரக் கட்டில் பாவித்தார். அந்தக் காலத்து ஈதர் மயக்க மருந்தோ பொறி பட்டால் தீப்பிடிக்கும். 1956 இல் தீப்பிடிக்காத ஹலோதேன் வந்த பிறகுதான் அந்தப் பயம் குறைந்தது. இப்போதும் தோலில் பூசிய ஸ்பிரிட் காயமுதல் பேனாவை அமத்தினால், பக்கத்தில் ஒட்சிசனும் இருந்தால், அதே கதைதான்.

1970 ஐ ஒட்டி நிலத்தோடு தொடர்பில்லாத மெஷின்கள் வந்தன. 1981 இல், ஒட்டின பட்டை கழன்றால் தானே கண்டுபிடித்து நின்றுவிடுகிற மெஷினும் வந்தது. பெரியம்மாவுக்கு ஒபரேஷன் நடந்தது அதற்கு எவ்வளவோ வருடம் பிறகு. ஆனால் எங்கட பக்கம் மருந்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை நிண்ட காலம் அது. உள்ள மெஷினை வைத்து உயிரைக் காப்பாற்றியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஏன் சுட்டது எண்டு சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

அதே வருடங்களில் துளை போட்டுக் கமரா விட்டுச் செய்கிற ஒபரேஷன் பரவியது. அதோடு புதுச் சூடுகளும் வந்தன. நீண்ட கருவியின் மேலுறையில் தலைமயிர் அளவு வெடிப்பு இருந்தால் போதும், கமராவுக்குத் தெரியாத இடத்தில் குடல் சுடுபடும். நாலைந்து நாள் கழித்துக் காய்ச்சலோடதான் அது வெளியே தெரியவரும். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் உறையைப் பார்க்கச் சொல்கிறார்கள். பேனாவைச் சும்மா அமத்திப் பிடிக்காதே, பாவிக்காத நேரம் அதன் உறைக்குள் வை, பேஸ்மேக்கர் இருக்கா எண்டு முதலே கேள் என்பதெல்லாம் இப்படி ஒவ்வொரு காயத்துக்கும் பிறகு எழுதப்பட்டவைதான்.

போன வருடம் பெரியம்மாவுக்கு ஹேர்னியா ஒபரேஷன். முதுகில ஊசி போட்டதால் முழிச்சுக்கொண்டுதான் இருந்தவ. ஒரு தாதி ஒட்டும் பட்டையோட வந்து இடது தொடையைத் தடவிப் பார்த்தாவாம். தழும்பு, எலும்பு முட்டு, மயிர் உள்ள இடத்தில் பட்டை சரியா ஒட்டாது. "இதென்ன அம்மா?" எண்டு கேட்டிருக்கிறா. பெரியம்மா பழைய கதையைச் சொல்ல, அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டே மற்றப் பக்கம் போய், வலது தொடையைத் துடைச்சு, பட்டையை ஒட்டி, நாலு மூலையையும் விரலால் அமத்திப் பார்த்தாவாம்.