ஏ.ஸி.யைத் தின்ற உப்பு



எங்கள் பாடசாலைக் கணினி அறையின் ஏ.ஸி. மூன்றாம் வருடத்திலேயே படுத்துவிட்டது. திருத்த வந்தவர் வெளி யூனிட்டின் பின்பக்கத்தை விரலால் தடவினார். அலுமினியத் தகடுகள் சாம்பலாய்க் கொட்டின. "சேர், இது கடல் தின்றது" என்றார்.

மன்னாருக்கு உப்பும் வெக்கையும் புதிதா? எங்கள் மூத்தவர்களின் வீடுகளில் தடித்த சுண்ணாம்புச் சுவர், பனையோலைக் கூரை, நிழலான விறாந்தை. உப்பு தின்ன இரும்பு அதிகம் கிடையாது. வெள்ளைக்காரனுக்கும் இது விளங்கியிருந்தது. முத்துக்குளிப்பைப் பார்வையிட 1801 - 1804 காலத்தில் தேசாதிபதி பிரெட்ரிக் நோர்த் அரிப்பில் கட்டிய மாளிகைக்கு, முத்துச்சிப்பிகளைச் சுட்டெடுத்த சுண்ணாம்பையே பூசினார்கள். நாம் அல்லிராணிக் கோட்டை என்கிறோமே, அதுதான். இன்று கடலரிப்பில் சரிந்து கொண்டிருக்கிறது.

1990 ஒக்டோபரில் சில நாள் அவகாசத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தோணியேறிக் கற்பிட்டியில் இறங்கினோம். எங்கள் தலைமுறை வளர்ந்தது புத்தளத்துக் கிடுகுக் குடிசைகளில். 2009க்குப் பிறகு திரும்பி வந்தபோது பழைய வீடுகள் மண்மேடு. சீமெந்துக் கல்லும் தகரமும் ஷீட்டுமாகப் புதிதாகக் கட்டினோம். வீட்டின் அமைப்பைப் புத்தளத்திலும் கொழும்பிலும் பார்த்து வந்தோம். சோளகம் எந்தப் பக்கத்தால் அடிக்கும் என்று கேட்க உம்மம்மா உயிரோடு இல்லை. வீடு அடுப்பானது. பிறகு ஏ.ஸி. வந்தது.

ஏ.ஸி. முதலில் மனிதருக்காகச் செய்யப்பட்டதல்ல. 1902இல் அமெரிக்காவின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரத்தால் தாள் சுருங்கி விரிந்து நிறம் விலகியது. அதைத் தடுக்கத்தான் வில்லிஸ் கேரியர் அதை வடிவமைத்தார்.

இங்கே அதற்கு இரண்டு எதிரிகள். ஒன்று உப்பு. செப்புக் குழாயும் அலுமினியத் தகடும் தொட்டிருக்கும் இடத்தில் உப்பீரம் படிந்தால் பற்றரிபோல வேலை செய்யும், கரைவது அலுமினியம். மற்றது காற்று. தம்பபவனியின் 30 காற்றாலைகளைச் சுழற்றும் அதே சோளகம், வெளி யூனிட்டின் விசிறி வெளியே தள்ளும் சூட்டைத் திரும்ப உள்ளே அடிக்கிறது. கொம்பிரசர் திணறி நின்றுவிடும். எங்கள் பழைய யூனிட் மாட்டியிருந்தது நேரே தென்மேற்குச் சுவரில்!

புதியதை வடகிழக்குச் சுவருக்கு மாற்றினோம். வாடைக் காலத்தில் அந்தப் பக்கத்தை மழையே கழுவிவிடும். தகடுகளுக்கு உப்புத் தாங்கும் பூச்சு உள்ளதா என்று பார்த்து வாங்கினோம். சோளகக் காலத்தில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை பிரேக்கரை அணைத்துவிட்டு, குழாய்த் தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுகிறோம். வேகமாக அடித்தால் தகடு மடங்கிவிடும். முதல் தடவை கிணற்றுத் தண்ணீரில் கழுவினோம். அது சவர்த் தண்ணீர். உப்பை உப்பால் கழுவியிருக்கிறோம்! கரண்ட் போய் வந்தால் ஐந்து நிமிடம் பொறுத்தே போடுகிறோம். 26 பாகைக்குக் கீழே இறக்குவதில்லை.

தகரக் கூரைக்கு மேல் கிடுகு வேய்ந்தால் பாதி வெக்கை குறையும் என்று ஊர் மூத்தவர் ஒருவர் சொன்னார். வேயத்தான் ஆளில்லை. தெரிந்தவர்களில் அநேகர் புத்தளத்திலேயே தங்கிவிட்டார்கள். யாராவது இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், கூலியை நாங்கள் சேர்த்துத் தருகிறோம்.