சூரியனுக்கு முதுகு காட்டிய மாலுமி

உச்சிப் பொழுதில் சூரியனை நேருக்கு நேர் நோக்குவது எவருக்கும் ஆகாத செயல். ஆயினும் நானூறு ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பியக் கப்பலோட்டிகளுக்கு அதுவே அன்றாடத் தொழிலாயிருந்தது. கரை காணாத கடலில் தாம் நிற்கும் இடத்தை அறிய வேண்டுமானால், நண்பகலில் சூரியன் தொடுவானத்திற்கு மேல் எத்தனை பாகை உயர்ந்திருக்கிறது என்று அளந்தாக வேண்டும். மார்ச்சு மாதத்தில் பகலும் இரவும் சமமாயிருக்கும் நாளில் சென்னையில் அளந்தால் ஏறத்தாழ 77 பாகை வரும். அதனைத் தொண்ணூறிலிருந்து கழித்தால் 13. அதுவே சென்னையின் அட்சரேகை. மற்ற நாள்களுக்குத் திருத்தக் கணக்கு உண்டு.

இவ்வளவைக்கு அந்நாளில் பயன்பட்ட கருவி குறுக்குக் கோல். நீண்ட கோலொன்றின் முனையைக் கண்ணருகே வைத்து, அதன்மேல் நகரும் குறுக்குச் சட்டத்தின் கீழ்முனையில் தொடுவானமும் மேல்முனையில் சூரியனும் ஒருங்கே பொருந்துமாறு பார்க்க வேண்டும். நான் ஆசிரியப் பணியில் இருந்தபோது தச்சரைக் கொண்டு அப்படியொரு கோலைச் செய்வித்தேன். மாணவரிடம் தருமுன் நானே ஒருமுறை சோதித்தேன். அன்று மாலைவரை என் கண்முன் பச்சைப் பொட்டுகள் ஆடிக்கொண்டிருந்தன. கோல் அலமாரிக்குள் போயிற்று. மாணவர் கைக்கு அது வரவேயில்லை. ஆண்டுக்கணக்கில் அத்தொழிலைச் செய்த மாலுமிகளின் கண்கள் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

இத்துன்பத்திற்கு வழி கண்டவர் ஜான் டேவிஸ் என்னும் ஆங்கிலேய மாலுமி. 1550-ஆம் ஆண்டை ஒட்டி, இங்கிலாந்தின் தென்மேற்கில் டார்ட்மவுத் துறைமுகத்திற்கு அருகே சாண்ட்ரிட்ஜ் என்னும் ஊரில் பிறந்தார். வால்டர் ராலேயும் அவருடைய தாய்வழிச் சகோதரர்களான கில்பர்ட்டுகளும் இவருக்கு அண்டை அயலார். கீழ்த்திசை நாடுகளுக்குச் செல்லும் தென்கடல் வழிகளைப் போர்த்துகீசியரும் ஸ்பானியரும் தம் பிடியில் வைத்திருந்த காலம் அது. அமெரிக்காவின் வடபுறத்தைச் சுற்றிச் சீனத்திற்கு ஒரு வழி இருக்கவேண்டும் என்று ஆங்கிலேயர் நம்பினர். டேவிசுக்கு முன் அங்கே சென்ற மார்ட்டின் பிரோபிஷர் வழியைத் தேடுவதை விட்டுப் பொன் தேடலானார். 1578-இல் கப்பல் கப்பலாக அவர் கொண்டுவந்த கல்லில் பொன் இல்லவே இல்லை!

1585 ஜூன் 7-ஆம் நாள் டேவிஸ் சன்ஷைன், மூன்ஷைன் என்னும் இரு சிறு கப்பல்களோடு புறப்பட்டார். அவர் தம்முடன் அழைத்துச் சென்றவர்களில் நால்வர் இசைவாணர். கிரீன்லாந்துக் கரையை நெருங்கியபோது மூடுபனிக்குள் பேரிரைச்சல் கேட்டது. கரையில் மோதும் அலையென்று எண்ணிப் படகை இறக்கிப் பார்த்தனர். பனிப்பாளங்கள் ஒன்றோடொன்று உராயும் ஓசை அது. அந்நிலத்திற்குப் ‘பாழ்நிலம்’ என்றே பெயரிட்டார். ஆனால் சற்று வடக்கே இனூயிட் மக்கள் தோல்படகுகளில் வந்தனர். இசைவாணர் வாசித்தனர், மாலுமிகள் ஆடினர். வந்தவர்கள் சூரியனைச் சுட்டிக்காட்டி நெஞ்சில் அறைந்துகொண்டனர். மாலுமி ஒருவரும் அவ்வாறே செய்து காட்டவே, அச்சம் நீங்கி நெருங்கினர். மறு ஆண்டுப் பயணத்தில் அம்மக்களின் சொற்கள் ஏறத்தாழ நாற்பதை டேவிஸ் பொருளுடன் எழுதி வைத்தார்.

இதனால் அவரைக் குற்றமற்றவர் என்று கொள்ள வேண்டா. அதே 1586-இல் நங்கூரமொன்று களவு போயிற்று. அதனை மீட்பதற்காக ஒருவனைப் பிணையாகப் பிடித்தவர், காற்று வாய்த்ததும் அவனையும் ஏற்றிக்கொண்டு பாய் விரித்துவிட்டார். அவன் தன் ஊருக்குத் திரும்பவில்லை.

1587-இல் நடந்த மூன்றாம் பயணமே அவருடைய உறுதிக்குச் சான்று. முதல் போட்ட வணிகர்கள் சலிப்படைந்திருந்தனர். ஆகவே இரு கப்பல்கள் மீன் பிடித்துச் செலவை ஈடு கட்டுவதென்றும், எல்லென் என்னும் சிறு கப்பலில் டேவிஸ் வடக்கே செல்வதென்றும் ஏற்பாடு. அச்சிறு கலமோ ஒழுகிக்கொண்டிருந்தது. அதில் 72 பாகை 12 கலைவரை ஏறிச் சென்று, அங்கு நின்ற பெருங்குன்றுக்குத் தம்மை ஆதரித்த வணிகர் வில்லியம் சாண்டர்சன் பெயரால் ‘சாண்டர்சன் நம்பிக்கை’ என்று பெயரிட்டார். அப்பால் காற்றும் பனியும் தடுத்தன. திரும்பி வந்தபோது, காத்திருப்பதாகச் சொன்ன இரு கப்பல்களும் மீனோடு ஊர் போய்விட்டிருந்தன! ஒழுகும் கலத்திலேயே அட்லாண்டிக் கடலைக் கடந்து டார்ட்மவுத் சேர்ந்தார். வழியில் கடல்நீர் சுழித்துப் பாய்ந்த ஒரு வாயிலைக் குறித்துவைத்தார். 1610-இல் ஹென்றி ஹட்சன் நுழைந்தது அவ்வாயிலில்தான். வடமேற்கு வழியை 1903 முதல் 1906 வரை கப்பலில் முழுதும் கடந்த நார்வே நாட்டு அமுண்ட்சன், டேவிஸ் பெயர் தாங்கிய நீரிணையின் வழியாகவே சென்றார்.

பின்னர் 1591-இல் தென்கடலுக்குச் சென்ற கேவண்டிஷின் கப்பற்படையில் டிசையர் என்னும் கப்பலுக்குத் தலைவரானார். தலைவரைப் பிரிந்து புயலில் அலைந்து, 1592 ஆகஸ்டில் பாக்லாந்துத் தீவுகளைக் கண்டார். உணவுக்காகப் பென்குவின் பறவைகளை ஆயிரக்கணக்கில் கொன்று உப்பிட்டனர். வெப்பக் கடலுக்கு வந்ததும் அவ்விறைச்சியில் புழு பெருகிக் கப்பலின் மரத்தையே அரித்ததாகக் குறிப்பு உள்ளது. புறப்பட்ட எழுபத்தாறு பேரில் பதினாறு பேரே 1593-இல் அயர்லாந்துக் கரையேறினர்.

அதன்பின் சில ஆண்டுகள் நிலத்தில் தங்கி, மாலுமிகளுக்கென எளிய ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அதில்தான் அவருடைய முதுகுக் கோல் விளக்கப்படுகிறது. அளப்பவர் சூரியனுக்கு முதுகு காட்டி நிற்பார். கோலின்மேல் உள்ள சட்டத்தின் நிழல் எதிர்முனைப் பலகையில் விழும். அப்பலகையின் பிளவு வழியே தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டே, நிழல் பிளவில் வந்து பொருந்தும்வரை சட்டத்தை நகர்த்தினால் உயரக் கோணம் கிடைத்துவிடும். சூரியனைப் பார்க்கவே வேண்டுவதில்லை. அதன் நிழல் போதும். இதைவிடச் சிறந்த கருவி 1731-இல் தோன்றிப் பரவும்வரை, அவரது கோலும் அதன் திருந்திய வடிவங்களும் கப்பல்களில் வழங்கின. அலமாரிக் கோலுக்குப் பதிலாக இதைச் செய்வித்த பின்னரே என் மாணவர்கள் பள்ளித் திடலில் அட்சரேகை கணித்தார்கள். எங்கள் விடை இரண்டு பாகை பிழைத்தது. திடலில் தொடுவானம் தெரியாமையால் மதிற்சுவரைத் தொடுவானமாகக் கொண்ட பிழை அது.

வடக்கே கிட்டாத கீழ்த்திசையை டேவிஸ் இறுதியில் தெற்கு வழியே அடைந்தார். 1598-இல் டச்சுக்காரர்க்கு வழிகாட்டியாக அச்சே சென்றார். 1601-இல் கிழக்கிந்தியக் கம்பெனி முதன்முதலாக அனுப்பிய கப்பல்களுக்கும் அவரே தலைமை வழிகாட்டி. அதே கம்பெனி 1639-இல் நம் சோழமண்டலக் கரையில் இடம் பெற்றுக் கோட்டை கட்டியதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள்.

1604-இல் எட்வர்ட் மிச்சல்போர்னுடன் டைகர் என்னும் கப்பலில் மீண்டும் வந்தார். மறு ஆண்டு டிசம்பர் இறுதியில், சிங்கப்பூருக்கு அண்மையில் உள்ள பிந்தான் தீவருகே ஜப்பானியர் கலமொன்றைச் சந்தித்தனர். அவர்கள் கடற்கொள்ளையர் என்ற ஐயம் இருந்தமையால், ஆயுதங்களைப் பறிக்குமாறு டேவிசுக்குத் தலைவர் ஆணையிட்டிருந்தார். அவர்களுடைய பணிவைக் கண்ட டேவிஸ் அதைச் செய்யவில்லை. அன்றே அவர்கள் கப்பலில் பாய்ந்து போரிட்டனர். முதலில் வெட்டுண்டு வீழ்ந்தவர்களில் டேவிஸ் ஒருவர். பீரங்கியை உட்புறமாகத் திருப்பிச் சுட்ட பின்னரே ஆங்கிலேயர் தம் கப்பலை மீட்டனர்.