பிழைக்கு விலை வைத்த அட்டை

பிழையாக அச்சான நாணயம் அரிது, அரிது என்பதால்தான் விலை அதிகம் என்று பலரும் நம்புகிறார்கள். அமெரிக்க சென்ட்டின் வரலாறு இதற்கு ஒத்துவருவதில்லை. வெற்றுத் தகடு நகர்ந்து, உருவம் ஓரமாக ஒதுங்கி விழுந்த சென்ட் ஒவ்வொன்றும் உலகில் ஒன்றே ஒன்றுதான். அதே அளவில், அதே கோணத்தில் விலகிய இன்னொன்று கிடைக்காது. ஆனாலும் சற்றே விலகிய சாதாரண சென்ட்டைச் சில டாலருக்கே வாங்கிவிடலாம். 1955இல் பிலடெல்பியா நாணயச்சாலையில் எழுத்தும் ஆண்டும் இரட்டையாகப் பதிந்த சென்ட்டோ 20,000க்கும் மேல் புழக்கத்துக்கு வந்தது என்பது பரவலான கணக்கு. அதில் தேய்ந்த ஒன்றுகூட இன்று ஆயிரம் டாலரைத் தாண்டுகிறது.

காரணம், பிழை நேர்ந்த இடம். அன்று எஃகு அச்சு ஒன்றைச் செய்ய மூல அச்சை அதன்மேல் ஒருமுறைக்கு மேல் அழுத்த வேண்டியிருந்தது. 1955இல் அடுத்த அழுத்தம் சற்றுத் திரும்பி விழுந்துவிட, அந்த அச்சு அடித்த காசுகள் எல்லாமே ஒரே இரட்டைப் பதிவுடன் வந்தன. கண்காணிப்பாளர்கள் கண்டுகொள்வதற்குள் அவை நல்ல காசுகளோடு கலந்துவிட்டன. பிரித்தெடுப்பதைவிட வெளியே விடுவதே சுலபமாகப் பட்டது. 23 சென்ட் சிகரெட் பெட்டியின் உறைக்குள் மீதிச் சில்லறையாகவே பல காசுகள் மக்கள் கைக்குப் போயின. ஒரே பிழை ஆயிரக்கணக்கில் இருந்ததால்தான் ஒன்றோடொன்றை ஒப்பிட முடிந்தது, அசல் எது என்று சொல்ல முடிந்தது, வியாபாரிகளிடையே விலையும் நிலைபெற்றது.

அந்த விலைக்கு அடித்தளம் இருபது ஆண்டுகளுக்கு முன்பே போடப்பட்டிருந்தது. 1930களில் விஸ்கான்சினின் விட்மன் நிறுவனம் ஆண்டுக்கும் நாணயச்சாலைக்கும் ஒரு துளை வீதம் வைத்த அட்டைகளை மலிவாக விற்றது. சில்லறையில் தேடித் துளைகளை நிரப்புவது நாடெங்கும் பழக்கமாயிற்று. அதே நிறுவனத்துக்காக யோமன் என்பவர் தொகுத்த நாணய விலைநூல் 1946இல் வெளிவந்தது. அதில் இடம்பிடித்த பிழை, தொகுப்பு முழுமையாக வேண்டுமென்றால் தவிர்க்க முடியாத காசாகிவிடுகிறது. ஓரம் ஒதுங்கிய சென்ட்டுக்கு எந்த அட்டையிலும் துளை இல்லை.

அப்படியானால் 1943இன் வெண்கலச் சென்ட்டை எப்படி விளக்குவது என்று கேட்கலாம். போருக்காகச் செம்பை மிச்சப்படுத்த அவ்வாண்டு துத்தநாகம் பூசிய எஃகில் சென்ட் அடித்தார்கள்; முந்தைய ஆண்டின் வெண்கலத் தகடுகள் சில இயந்திரத்தில் தங்கிவிட்டன. இன்று அறியப்பட்டவை சில பத்துகளைத் தாண்டா. டென்வரில் அடித்த ஒன்று 2010இல் 17 லட்சம் டாலருக்கு விற்றது. இங்கே அரிதான தன்மை விலையை உயர்த்தியது உண்மையே, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் காசைக் கொண்டுவருபவருக்கு ஹென்றி ஃபோர்டு கார் தருவார் என்று நாடெங்கும் பரவிய பொய்ச்செய்தியை எண்ணிப் பாருங்கள். சில்லறையைப் புரட்டும் ஒவ்வொருவருக்கும் எந்த ஆண்டு, எந்த உலோகம் என்று முன்பே தெரிந்திருந்தது. தேடும் கூட்டம் இல்லாமல் அரிதான தன்மை மட்டும் அந்த விலையைத் தந்திருக்காது.

போலி செய்பவர்களின் உழைப்பைப் பார்த்தாலும் இது புலப்படும். எஃகுச் சென்ட்டுக்குச் செம்புப் பூச்சு கொடுக்கிறார்கள்; காந்தம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். 1948 சென்ட்டின் எட்டை வெட்டி மூன்றாக்குகிறார்கள். 1937இல் டென்வரில் அச்சை அளவுமீறித் தேய்த்ததால் காட்டெருமையின் முன்கால் ஒன்று மறைந்துபோன ஐந்து சென்ட் காசுக்காக, நல்ல காசின் காலைச் சுரண்டி எடுக்கிறார்கள். இப்படிப் போலி செய்யப்படும் இரண்டு காசுகளுமே விலைநூலில் இடம்பெற்ற பிழைகள்.