மாளிகைக்காட்டுக்கு அப்பால் ஓர் இசையாசிரியர்

கட்டாரில் தொழில் பார்க்கும் என் மருமகன், சென்ற நோன்புப் பெருநாளைக்கு மகளுக்கென்று அறுபத்தொரு கட்டைகள் கொண்ட கீபோர்ட் ஒன்றை அனுப்பிவைத்தார். ஒன்பது வயதுப் பேத்தி அதை மேசையில் வைத்துப் பொத்தான்களையெல்லாம் அழுத்தி, உள்ளே பதிந்திருந்த மெட்டுகள் அத்தனையையும் ஒரு வாரத்துக்குள் கேட்டு முடித்துவிட்டாள். பிறகு என்னிடம் வந்து, "மூத்தாப்பா, இத எனக்கு ஆரு படிப்பிச்சித் தருவாங்க?" என்றாள்.

சாய்ந்தமருதில் ஆசிரியருக்குப் பஞ்சமில்லை. பிரதான வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக நடந்தால் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், கணக்கியல், அரபு என்று மதிலுக்கு மதில் ரியூசன் விளம்பரங்கள். இசைக்கு மட்டும் ஒன்றுமில்லை. பாடசாலைகளின் அழகியல் பாடப்பட்டியலில் கர்நாடக சங்கீதம், மேலைத்தேய சங்கீதம், நடனம், சித்திரம், நாடகமும் அரங்கியலும் என்று எல்லாம் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் சித்திரத்துக்கே போகிறார்கள். நானும் முப்பது வருடங்கள் ஆசிரியத் தொழில் பார்த்தவன். சங்கீத ஆசிரியர் ஒருவரோடு ஒரே ஓய்வறையில் இருந்து தேநீர் குடித்த ஞாபகம் எனக்கில்லை.

அசர் தொழுதுவிட்டு வரும் வழியில் நண்பர் ஒருவரிடம் விசயத்தைச் சொன்னேன். "கிறாஅத் படிக்கப் போடுங்களன், சேர்" என்றார். அவள் அதற்கும் போகிறாள் என்றேன். அவர் மேலே ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பேசாமையே ஒரு பதில்தான்.

இசை ஆகுமா ஆகாதா என்பது எமக்குப் பழைய விவாதம். இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யாவில் சமாவுக்கென்று தனியொரு நூற்பகுதியையே ஒதுக்கி, எது எப்போது கூடும், எது கூடாது என்று பிரித்துப் பிரித்து எழுதியிருக்கிறார். அவருக்கு முன்னும் பின்னும் வந்த பேரறிஞர்கள் பலர் அதை முற்றாக மறுத்துமிருக்கிறார்கள். இருபுறமும் பெரிய உலமாக்கள் நிற்கும் இடத்தில் நடுவராக நிற்கும் தகுதி எனக்கில்லை. நான் பார்க்க விரும்பியது வேறொன்றை: இசையை வேண்டிய ஒருவர் ஆசிரியரைத் தேடி எங்கே போனார்? இந்தக் கேள்வியோடு பழைய வரலாறுகளைப் புரட்டியபோது, தேடியவர் அநேகமாக ஒவ்வொரு தடவையும் தன் சாதியையோ சமயத்தையோ ஊரையோ தாண்டிப் போயிருப்பதைக் கண்டேன்.

வயலினையே எடுத்துக்கொள்வோம். இன்று கர்நாடக சங்கீதக் கச்சேரியில் அது இல்லாத மேடையில்லை. அதைத் தென்னாட்டு இசைக்குக் கொண்டுவந்தவர்களில் முதல்வராகச் சொல்லப்படுபவர் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர். சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரரின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டு அவருக்கு ஆசை பிறந்தது. ஆதரித்த மணலி முதலியார் ஐரோப்பிய வயலின்காரர் ஒருவரை அமர்த்திக் கொடுத்தார். ஆசாரமான வைதிகக் குடும்பத்துப் பிள்ளை ஒரு பறங்கியரிடம் கற்றது. கற்றவர்கள் நின்று வாசிப்பதை விட்டுத் தரையில் அமர்ந்து, வயலினின் தலையைக் காலில் ஊன்றி வாசிக்கத் தொடங்கினார்கள். கருவி அவருடையது, இருப்பு எங்களுடையது என்று ஆகிவிட்டது.

எமக்கு நெருக்கமான உதாரணம் ஷேக் சின்ன மௌலானா சாஹிப். 1924இல் ஆந்திர தேசத்துக் கரவதியில், தலைமுறை தலைமுறையாக நாதஸ்வரம் வாசித்த முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையிடமும், பிறகு சிலகலூரிப்பேட்டையில் ஆதம் சாஹிபிடமும் கற்றுப் பேரெடுத்தார். அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் தஞ்சாவூர்ப் பாணி வாசிப்பு அவரைப் பிடித்துக்கொண்டது. பெயர்பெற்ற வித்துவானாக இருந்தும், திரும்பவும் மாணவனாகித் தமிழ்நாட்டுக்கு வந்து நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் பாடம் கேட்டார். தவிலும் நாதஸ்வரமும் கோயிலோடு பிணைந்த கலைகள். அந்தச் சகோதரர்கள் இசைவேளாளர் மரபினர். சொல்லித் தர அவர்களும் தயங்கவில்லை, கேட்க இவரும் வெட்கப்படவில்லை. பின்னாளில் ஸ்ரீரங்கத்திலேயே குடியேறி, அங்கே பள்ளியொன்றை நிறுவித் தாமும் ஆசிரியரானார். 1998இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதிப் பட்டம் வழங்கியது. அடுத்த வருடம் மறைந்தார். கடைசிவரை அவர் தொழுகையை விட்டவரல்லர், வாத்தியத்தையும் விட்டவரல்லர்.

இலங்கையில் முகைதீன் பேக்கின் கதையும் இவ்வகையே. சேலத்தில் 1919இல் பிறந்து, இளவயதில் கொழும்புக்கு வந்தவர். அவரைக் கைதூக்கிவிட்டவர் இசையமைப்பாளர் முகம்மது கௌஸ் மாஸ்டர். 1947இல் வெளிவந்த 'அசோகமாலா' என்ற சிங்களப் படத்துக்கு கௌஸ் மாஸ்டர் இசையமைக்க, பேக் பாடினார். அதன் பிறகு 1991இல் மறையும்வரை சிங்களப் பௌத்தர்களின் பக்திப் பாடல்களுக்குக்கூட அவர் குரலே வேண்டியிருந்தது. தமிழ் முஸ்லிம்களாகிய நாங்கள் அவரை எங்கள் கணக்கில் சேர்ப்பதற்கு மறந்துவிட்டோம் என்பது என் மனக்குறை.

பியானோவுக்கு வந்தால், சென்னை மயிலாப்பூரில் ஒரு லொட்ஜ் அறையில் குடியிருந்த தன்ராஜ் மாஸ்டரைச் சொல்லாமல் விட முடியாது. 1968இல் பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜா மேலைத்தேய இசையைக் கற்றது அவரிடம்தான், பின்னாளில் ஏ.ஆர். ரஹ்மான் பியானோ கற்றதும் அவரிடம்தான். மாளிகையுமில்லை, கல்லூரியுமில்லை, ஒரு வாடகை அறை.

இனி எங்கள் கரைக்கு வருவோம். இங்கே இசையாசிரியரே இருந்ததில்லை என்று எங்களில் பலர் நினைக்கிறார்கள். இருந்தார், அவருக்கு நாங்கள் அந்தப் பெயரைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். பொல்லடி பழக்கிய அண்ணாவியார் யார்? கையில் தாளத்தோடு நடுவில் நின்று பாட்டை எடுத்துக் கொடுத்து, சுற்றிவரும் பிள்ளைகளின் கம்புகள் ஒன்றாக விழும்வரை விடாமல் பழக்கியவர், காலத்தையும் நடையையும் கற்பித்த இசையாசிரியர்தானே! கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகை பெயரால் கொடியேறும் நாட்களில், தூர ஊர்களிலிருந்து வந்து தாயிராவைத் தட்டிப் பைத்துப் பாடிய பக்கீர் பாவாக்களிடமும் எனது தலைமுறைச் சிறுவர்கள் சிலர் போய் ஒட்டிக்கொண்டதுண்டு. மௌலிது மஜ்லிஸில் ஒரே பைத்தை நான்கு மெட்டில் ஓதிக் காட்டிய லெப்பை ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். தாம் ராகம் பாடுவதாக யாராவது சொல்லியிருந்தால் கோபித்திருப்பார்.

ஆனால் இவர்கள் கற்பித்தது குரலும் தாளமும். கட்டையும் கம்பியும் கற்க வேண்டுமானால் தெற்கே போகவேண்டும். சாய்ந்தமருதைத் தாண்டினால் மாளிகைக்காடு, அதைத் தாண்டினால் காரைதீவு. சைக்கிளில் சிறுதூரம். அந்தக் காரைதீவில்தான் 1892இல் சுவாமி விபுலானந்தர் பிறந்தார். கல்முனை மெதடிஸ்தப் பாடசாலையில் படித்த சிறுவன் அவர். காரைதீவிலிருந்து கல்முனைக்குப் போகிறவர் எங்கள் ஊரைக் கடந்தே போகவேண்டும் என்பதை எங்கள் பிள்ளைகளுக்கு நான் எப்போதும் சொல்வதுண்டு. விஞ்ஞானப் பட்டதாரியான அவர், பழந்தமிழரின் யாழ் வழக்கொழிந்து போனதை ஒரு கணக்குப் பிரச்சினையாகவே எடுத்துக்கொண்டார். சிலப்பதிகாரத்திலும் பிறவற்றிலும் கிடந்த குறிப்புகளைக்கொண்டு நரம்புகளின் சுருதியைக் கணித்து, வருடக்கணக்கில் உழைத்து எழுதிய 'யாழ் நூல்' 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார்.

யாழ் நூலுக்கும் பேத்தியின் கீபோர்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அதை எனக்கு விளக்கியவர் என் ஆர்மோனிய ஆசிரியர். 1974இல் எனக்குப் பதினான்கு வயது. வாப்பா கொழும்பிலிருந்து வாங்கிவந்த பழைய ஆர்மோனியம் ஒன்று வீட்டில் கிடந்தது. இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சியில் நாகூர் ஹனிபாவைக் கேட்டுவிட்டு அதைக் கண்டபடி அழுத்துவேன். சகிக்க முடியாமல் வாப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைதீவுக்குப் போய் ஆள் பார்த்து வந்தார். வந்தவர் வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, ரலி சைக்கிள். சம்பளம் மாதம் பத்து ரூபாய், போகம் அறுத்தால் ஒரு மூடை நெல். உம்மா மறைவுக்குப் பின்னால் நின்று தேநீர் அனுப்புவா. மஃரிபுக்கு பாங்கு சொல்லத் தொடங்கினால் அவரே துருத்தியை மூடிவிட்டு எழுந்துவிடுவார்.

ஒரு நாள் அவர் சொன்னார்: "தம்பி, வீணையில ஒரு நரம்பில பல சுரம். யாழில ஒரு சுரத்துக்கு ஒரு நரம்பு. இந்தப் பெட்டியும் அப்படித்தான், ஒரு கட்டைக்கு ஒரு நாக்கு." பல வருடங்களின் பின் கொழும்பில் ஒரு பியானோவின் மூடியைத் திறந்து பார்த்தபோதுதான் அதன் பொருள் முழுதாக விளங்கிற்று. உள்ளே வார்ப்பிரும்புச் சட்டத்தில், குட்டையிலிருந்து நெட்டையாக இருநூறுக்கு மேற்பட்ட கம்பிகள் இழுபட்டுக் கிடந்தன. பெட்டிக்குள் படுக்கவைத்த யாழ். மேல் சுரங்களில் ஒன்றுக்கு மூன்று கம்பிகள். அரபு நாட்டுக் கானூன் வாத்தியத்திலும் ஒரு சுரத்துக்கு மூன்று நரம்புதான். விரலால் மீட்டுவதற்குப் பதில் சுத்தியலால் தட்டும் பொறியை, 1700ஆம் ஆண்டளவில் இத்தாலியில் கிறிஸ்தோஃபோரி என்பவர் அமைத்தார். ஒரு கட்டையில் நின்றுவிடும் சுரத்தை வழுக்கி அசைக்க முடியாது. இக்காரணத்தையும் சொல்லித்தான் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை ஒதுக்கிவைத்தது. எங்கள் ஆசிரியருக்கு அந்தத் தடை தெரியும். தெரிந்துகொண்டே, "கமகம் தொண்டையில வரட்டும், விரல் நேராகப் போகட்டும்" என்று கற்பித்தார்.

இரண்டு வருடங்களில் பதினைந்து பாடல்கள்வரை வாசிக்கப் பழகினேன். பிறகு உயர்தரப் பரீட்சை, ஆசிரியர் கலாசாலை, கலியாணம் என்று ஆர்மோனியம் பரணுக்குப் போய்விட்டது. ஆனாலும் பெருநாளைக்கு நாங்கள் கொடுத்தனுப்பும் சகனும், பொங்கலுக்கு அவர் வீட்டிலிருந்து வரும் பானையும் நிற்கவில்லை.

1985 ஏப்ரலில் நின்றது. அந்த மாதம் காரைதீவில் தமிழர்களின் வீடுகள் எரிந்தன. எரித்தவர்கள் எங்கள் பக்கத்திலிருந்து போனவர்களும்தான் என்பதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு உரிமையில்லை. 1990 ஓகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நடந்தவை மறுபக்கத்திலிருந்து வந்தன. இடையில் மாளிகைக்காட்டு வீதி, அளவில் மாறாமலேயே நீண்டுபோனது. என் ஆசிரியர் குடும்பத்தோடு மட்டக்களப்புப் பக்கம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். தேடிப் போயிருக்கலாம். போகவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது, கடற்கரையோரத்தில் இருந்த எங்கள் பழைய வீட்டோடு அந்த ஆர்மோனியமும் போயிற்று. உயிர்கள் போன கணக்கில் ஒரு பெட்டியைப் பற்றிப் பேச அன்று யாருக்கும் வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

பேத்தியின் கேள்விக்கு விடை தேடி நான் போனதும் கடைசியில் அதே வீதியில்தான். விபுலானந்தரின் பெயரால் கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகம் இயங்குகிறது. அங்கே படித்து வெளியேறிய பிள்ளை ஒருத்தி காரைதீவில் வீட்டில் வைத்துக் கற்பிக்கிறாள் என்று அறிந்து, சனிக்கிழமை காலை ஓட்டோ பிடித்துப் போனோம். ஆசிரியைக்கு முப்பது வயதிருக்கும். பேத்தியின் பர்தாவைப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமை வேணாம், சனிக்கிழமையே வையுங்கோ, ஐயா. நோன்பு மாதத்தில நேரத்தை மாத்தலாம்" என்றாள். நான் கேட்காமலே வந்த வார்த்தை அது. பிறகு பேத்தியின் வலது பெருவிரலைப் பிடித்து, நடுவிலுள்ள வெள்ளைக் கட்டையில் வைத்து, "இதுதான் உங்கட ச" என்றாள்.

எனது பழைய ஆசிரியரைப் பற்றி விசாரிக்க அன்று நினைத்திருந்தேன். பெயரைச் சொன்னால் எப்போது போனார், ஏன் போனார் என்ற பேச்சும் வருமே என்று தயங்கி, அடுத்த சனிக்கு ஒத்திவைத்தேன். இதை எழுதும்வரை ஆறு சனிக்கிழமைகள் போய்விட்டன.

வீட்டில் அசருக்கும் மஃரிபுக்கும் இடையில் பேத்தி பயிற்சி செய்கிறாள். அக்கம்பக்கத்தவருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று அவளது உம்மா ஹெட்போன் மாட்டிவிட்டிருக்கிறாள். திண்ணையில் இருக்கும் எனக்குச் சுரம் கேட்பதில்லை. பிளாஸ்டிக் கட்டைகள் அமுங்கி எழும் டக், டக் ஓசை மட்டும் வருகிறது. அதன் நடையை வைத்து, என்ன வாசிக்கிறாள் என்று கண்டுபிடிக்கப் பார்க்கிறேன்.